எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரி பிறந்த கதை

தரவைக் குறியொட்டுகளுக்குள் வைத்து எழுதும் மொழி எக்ஸ்எம்எல். அதில் எழுதிய கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் தலைமாட்டில் ஒரு வரி நிற்கும். இது எக்ஸ்எம்எல், பதிப்பு 1.0, குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று அது அறிவிக்கும். நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய மெப்ஸ் வளாகத்திலிருந்து தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை தென்சென்னை அலுவலகங்களில் நாள்தோறும் பிறக்கும் கோப்புகளின் தலையில் இந்த வரி இருக்கிறது. உலகத்து ஆய்விதழ்களின் பக்கங்களை எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தருவது சென்னையில் ஒரு பெரிய தொழில். அதிலும் இதே வரிதான். இது எப்படிப் பிறந்தது, இது பொய் சொன்னால் என்ன நடக்கிறது, தமிழுக்கு இது ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

கணினிக்குள் எழுத்து என்று ஒன்று இல்லை. இருப்பது எண். 0 முதல் 255 வரையில் ஓர் எண்ணை ஏந்தும் பைட்டுகள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். 190, 193, 162, 250 என்ற நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் படித்தால் அது ‘தமிழ்’. மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் படித்தால் முக்கால் என்னும் பின்னக் குறி, தலைமேல் கோடு சாய்ந்த ‘ஏ’, அமெரிக்கச் சென்ட் நாணயத்தின் குறி, தலைமேல் கோடு சாய்ந்த ‘யு’. அதே ‘தமிழ்’ பாமினி எழுத்துருவில் 106, 107, 112, 111, 59 என்று நிற்கும்; ஆங்கிலமாகப் படிக்கும் நிரலுக்கு அது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்திலோ அது பதினைந்து பைட்டுகள். 224, 174, 164 என்று தொடங்கும். மூன்று வரிசைகளும் சரியானவையே. எது எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை எழுதி வைத்தவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் படிக்கிறவர் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் திரையில் பூச்சி பூச்சியாக எதுவோ ஓடும்.

இந்தச் சிக்கலின் வேர் 1963இல் வந்த ஆஸ்கியில் இருக்கிறது. அதில் 128 இடங்கள்; ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் போதும். ஒரு பைட்டில் எஞ்சிய 128 இடங்களை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கு நிரப்பிக்கொண்டன. தமிழில் இது இன்னும் பெரிய கூத்தானது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நமக்குத் தமிழ் வந்தது எழுத்துருக்கள் வழியாக. எழுத்துருவை வடிவமைத்தவர் எந்த இடத்தில் ‘க’வை வைத்தாரோ அதுவே அந்த எழுத்துருவின் சட்டம். ஒரு நிறுவனத்தின் ‘க’ இன்னொரு நிறுவனத்தில் ‘ப’ ஆகும். இணையம் வந்தபோது நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொன்னதை அந்தக் காலத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்னஞ்சல் அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தால்தான் கடிதம் கடிதமாக இருந்தது.

சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் அவர் முயற்சியில் அங்கே தமிழ்நெட் மாநாடு கூடியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு குறியேற்றம் வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்தில் சூடுபிடித்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன், அமெரிக்காவிலிருந்து மணி மணிவண்ணன் என்று பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே வாதிட்டு, அட்டவணை போட்டு, திருத்தி உருவாக்கியதுதான் திஸ்கி. கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருக்க, மேல்பாதியில் தமிழ். 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் பின்னர் இந்தத் திஸ்கியில்தான் பழந்தமிழ் நூல்களை வெளியிட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை போராட்டம் நடந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். ‘இ’ முதலில் 173ஆம் இடத்தில் இருந்தது. உலகக் குறியேற்றங்களில் அந்த இடம் சொல் உடையும்போது மட்டும் தோன்றும் சிறு கோட்டுக்கு உரியது. ஆகவே உலாவிகள் அதைக் கண்ணில் காட்டாமல் விழுங்கின. ‘இலக்கியம்’ என்று எழுதினால் ‘லக்கியம்’ வந்தது. 1.7ஆம் பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடத்தைக் கொடுத்தார்கள்.

மதுரைத் திட்டம் தொடங்கி ஒரு மாதத்துக்குள், 1998 பிப்ரவரி 10 அன்று, எக்ஸ்எம்எல் 1.0 உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. அதுவும் மின்னஞ்சலில் பிறந்த குழந்தை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் போசாக் தலைமையில் 11 பேர் கொண்ட குழு. நேரில் கூடாமல், கடிதங்களிலும் வாராந்திரத் தொலைபேசிக் கூட்டங்களிலுமே வேலையை முடித்தது. டிம் பிரே, ஜான் பவோலி, ஸ்பெர்பெர்க்-மெக்குவீன் மூவரும் பதிப்பாசிரியர்கள். தாய்லாந்தில் குடியேறியிருந்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் கிளார்க் தொழில்நுட்பத் தலைவர். ‘எக்ஸ்எம்எல்’ என்ற பெயரே அவர் தந்ததுதான். 1986இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஜிஎம்எல் என்ற பெரிய, சிக்கலான மொழியை வலைக்கு ஏற்றபடி இளைக்க வைப்பது அவர்கள் நோக்கம்.

எல்லா மொழிகளுக்கும் ஒரே எழுத்துத் தொகுதி, அது யூனிகோடு என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உலகத்தில் அதற்குள் குவிந்திருந்த கோப்புகளோ நூறு குறியேற்றங்களில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்று என்று யாரிடமும் சொல்ல முடியாது. எனவே எந்தக் குறியேற்றத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள், ஆனால் எது என்று கோப்பிலேயே சொல்லிவிடு என்று விதி செய்தார்கள். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. குறியேற்றத்தின் பெயர் கோப்புக்குள் இருக்கிறது. பெயரைப் படிக்க வேண்டுமானால் கோப்பைப் படிக்க வேண்டும். கோப்பைப் படிக்க வேண்டுமானால் குறியேற்றம் தெரிந்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவர்கள் அவிழ்த்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தரத்தின் பின்னிணைப்பு ஒன்றில் அது அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

முதல் வரி இன்ன எழுத்துகளில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு கூர்க்குறி, ஒரு கேள்விக்குறி, எக்ஸ், எம், எல். முன்னால் ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது. அப்படியானால் கோப்பைப் படித்துப் பகுக்கும் நிரலான பார்சர் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தாலே குடும்பம் தெரிந்துவிடும். 60, 63, 120, 109 என்று வந்தால் ஆஸ்கிக் குடும்பம்: யூடிஎஃப்-8, திஸ்கி, மேற்கு ஐரோப்பிய முறை என எல்லாம் இதில் அடங்கும். 0, 60, 0, 63 என்று வந்தால் எழுத்துக்கு இரண்டு பைட் கொடுக்கும் யூடிஎஃப்-16. 76, 111, 167, 148 என்று வந்தால் ஐபிஎம் பெருங்கணினிகளின் முறை. குடும்பம் தெரிந்ததும் அந்தக் குடும்பத்தின் பொது வழக்கப்படி முதல் வரியை மட்டும் படித்துவிடலாம். குறியேற்றப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் சிறு கோடுகளும் தவிர வேறெதுவும் வரக் கூடாது என்று விதி இருப்பதும் இதற்காகவே. பெயர் கிடைத்ததும் பார்சர் அந்த முறைக்கு மாறி மீதியைப் படிக்கும். வரியே இல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று கொள்ள வேண்டும். எந்த பார்சரும் யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16 இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். மற்றவை அதன் விருப்பம்.

யூடிஎஃப்-8 அப்போது இளைஞன். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் அதை வரைந்தார். ராப் பைக் உடனிருந்தார். அதில் ஓர் அழகான கட்டுப்பாடு உண்டு. 128க்குக் கீழே உள்ள எண் எங்கே வந்தாலும் அது ஆஸ்கி எழுத்து மட்டுமே. வேறு எந்த மொழியின் எழுத்துக்குள்ளும் அந்த எண் பகுதியாக வராது. தமிழின் குறியெண், அதாவது ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரும் எண், ஒவ்வொன்றும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையில். அதனால் 60 என்ற எண்ணைப் பார்த்தால் கூர்க்குறி என்று பார்சர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமை பாமினியோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவலாக வழங்கிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை உட்கார வைத்தது. அதில் கூர்க்குறியின் இடத்தில் இருப்பது ‘ஈ’. பாமினியில் தட்டச்சு செய்த உரையை எக்ஸ்எம்எல்லுக்குள் அப்படியே வைத்தால் ‘ஈரோடு’ என்ற ஊர்ப் பெயர் ஒரு புதிய குறியொட்டைத் திறந்துவிடும். ‘ஈழம்’ என்று எங்கு வந்தாலும் அங்கே கோப்பு முறியும். ‘ஈ’ வராத பக்கங்கள் பெரும்பாலும் பிழையில்லாமல் ஓடும். நூறு கோப்பில் நான்கு மட்டும் ஏன் உடைகின்றன என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர், அந்த நான்கிலும் ‘ஈ’ இருப்பதைக் கவனிக்கும்வரை காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மீதி கோப்புகளும் சரியாக இருப்பதாகப் பொருளில்லை. அவற்றின் முதல் வரி யூடிஎஃப்-8 என்கிறது, பைட்டுகளும் அதை மறுக்கவில்லை, பார்சரும் ஏற்றுக்கொள்கிறது. உள்ளே இருப்பதோ தமிழைப் போர்த்திய ஆங்கில எழுத்துகள்.

எக்ஸ்எம்எல் வெளிவந்த மறு ஆண்டு, 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. இன்று நாம் கைப்பழக்கமாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அங்கே உருவானது. குறியேற்றத்துக்கு இரண்டு தரங்கள் வந்தன: இருமொழிக்கு டாப், தமிழ் மட்டும் எழுத டாம். அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு வேளையில், யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை வரும்வரை அரசு சார்ந்த தமிழ் உரை ஏராளமாக இந்த இரண்டிலும் எழுதப்பட்டது.

அந்தப் பதினோரு ஆண்டுகளும் எக்ஸ்எம்எல் வேகமாகப் பரவிய ஆண்டுகள். டாப் முறையில் இருக்கும் உரையை எக்ஸ்எம்எல்லில் வைக்க வேண்டும் என்றால் முதல் வரியில் என்ன பெயரை எழுதுவது? இணையக் குறியேற்றங்களின் பன்னாட்டுப் பதிவேட்டில் டாப் என்ற பெயர் இல்லை. திஸ்கியே 2007இல்தான் அதில் ஏறியது. பெயர் இல்லாததால் பலர் மேற்கு ஐரோப்பிய முறையின் பெயரை, ஐஎஸ்ஓ-8859-1 என்பதை, எழுதினார்கள். அந்த முறையில் 256 பைட்டுகளும் செல்லும். எதைக் கொடுத்தாலும் குறியேற்றம் தவறு என்று பார்சர் சொல்லாது. கோப்பு திறந்தது, எழுத்துரு இருந்தவரை திரையில் தமிழும் தெரிந்தது. ஆனால் பார்சரின் கணக்கில் அதற்குள் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. முக்கால் குறியும் சென்ட் குறியும்தான் இருந்தன. அங்கிருந்து தரவுத்தளத்துக்குப் போய், அங்கிருந்து யூனிகோடுக்கு ‘மாற்றப்பட்டு’, உலகத்தின் எல்லாச் சோதனைகளிலும் தேறிய, படிக்க முடியாத உரையாக நிலைத்துவிட்டது. என் கணிப்பில் தமிழ்த் தரவுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இந்த வகையில்தான் நேர்ந்தது. பிழை என்று யாரும் சொல்லாததால் யாரும் தேடவும் இல்லை.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் எக்ஸ்எம்எல்லின் கடுமைக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. எச்டிஎம்எல் பக்கத்தில் என்ன தவறு இருந்தாலும் உலாவி எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் பார்சர் அப்படிச் செய்யக் கூடாது, தவறு கண்ட இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்று 1997இல் குழு முடிவெடுத்தபோது கடும் வாதம் நடந்தது. ஏதென்சு நகரத்துப் பழைய சட்டக்காரர் டிராகோவின் பெயரை இழுத்து இதைக் கொடுங்கோல் என்றார்கள். அறிவித்த குறியேற்றத்துக்குப் பொருந்தாத ஒரு பைட் வந்தால் அது உயிர்போகும் பிழை. மேலே படிக்கக் கூடாது. கோப்பு முறிவது அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் முறிந்த கோப்பைத் திருத்த ஆள் உட்காருவார்.

முறிவு எப்படி வருகிறது என்பதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் ஓடும் மின்ரயில் தடத்தின் நிலையப் பெயர்களைத் தமிழில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். யூடிஎஃப்-8, முதல் வரியும் அதையே சொல்கிறது. விண்டோஸ் கணினியில் ஓடும் பழைய ஜாவா நிரல் ஒன்று அதை நேரே பார்சரிடம் கொடுக்காமல், முதலில் உரையாகப் படித்து, ஏதோ திருத்தி, மறுபடி பைட்டாக்கிக் கொடுக்கிறது. குறியேற்றத்தைக் குறிப்பிடவில்லை. அப்போது ஜாவா கணினியின் இயல்பான முறையை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் விண்டோஸில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய முறை. (விண்டோஸில் தமிழுக்கென்று அந்தப் பழைய வகைக் குறியேற்ற அட்டவணை எப்போதும் இருந்ததில்லை, விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது.) பைட்டை உரையாக்கி, அதே முறையில் மீண்டும் பைட்டாக்கினால் பழைய பைட்டுகளே திரும்பி வர வேண்டும் அல்லவா? அங்கேதான் குழி.

விண்டோஸ்-1252இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அந்த இடத்துப் பைட் வந்தால் ஜாவா அதை ‘தெரியாத எழுத்து’ என்று குறித்துக்கொள்ளும். திரும்ப எழுதும்போது கேள்விக்குறியாக, 63 என்று, எழுதிவிடும். தமிழில் எந்த எழுத்துகளின் மூன்றாவது பைட் இந்த இடங்களில் விழுகிறது என்று அட்டவணையை எடுத்து வைத்துப் பாருங்கள். ‘ஏ’ 143. ‘ஐ’ 144. உகரக் குறி 129. மெய்யெழுத்தின் புள்ளி 141.

புள்ளி! தமிழில் புள்ளி இல்லாத சொல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ‘தாம்பரம்’ என்பதில் இரண்டு. ‘பல்லாவரம்’, ‘மீனம்பாக்கம்’, ‘கிண்டி’, ‘மாம்பலம்’, ‘எழும்பூர்’ என்று கடற்கரை வரை போனாலும் அந்தத் தடத்தில் புள்ளி இல்லாத நிலையம் ஒன்றுகூட இல்லை. ‘குரோம்பேட்டை’யில் புள்ளியோடு உகரமும் போகும். தண்டவாளத்தை விட்டு விலகி சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம் என்று நீர்நிலைகளைப் பட்டியலிட்டால் ஒவ்வொன்றின் பின்னாலும் வரும் ‘ஏரி’யில் ‘ஏ’ போகும். 224, 175, 141 என்றிருந்த புள்ளி 224, 175, 63 ஆகிப் பார்சரிடம் வந்து சேரும். அது கையை விரித்துவிடும்: மூன்று பைட் தொடரில் மூன்றாவது பைட் செல்லாது. ஜாவாவில் வேலை செய்த தமிழர் யாரும் இந்தச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பைத்தானில் இதே வேலையைச் செய்தால் அது படிக்கும்போதே மறுத்துவிடும்; அது இன்னும் நல்லது.

பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூலகத்தில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இராது. ஏட்டைப் படித்தவர்கள் சொல்லையும் யாப்பையும் பொருளையும் பார்த்துப் புள்ளியைத் தாமே வைத்துப் படித்தார்கள். அந்தப் பயிற்சி பார்சருக்குக் கிடையாது, இருக்கவும் கூடாது. நிலையப் பெயரை நாம் ஊகித்துத் திருத்திவிடலாம். ஆட்களின் பெயரையும் பட்டா எண்ணுக்கு உரியவரின் ஊரையும் ஊகித்துத் திருத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

தீர்வு சிறியது. கோப்பைப் பைட்டாகவே பார்சரிடம் கொடுங்கள். முதல் வரியைப் படித்து முறையை அறிந்துகொள்ளும் வேலை அதனுடையது. இடையில் நாம் உரையாக்கிக் கொடுக்கும்போதுதான் அந்த வரி தன் பொருளை இழக்கிறது. உரையாக்கியே தீர வேண்டும் என்றால் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். 2022இல் வந்த ஜாவா 18 யூடிஎஃப்-8ஐயே இயல்பாக்கிவிட்டது. ஆனால் பழைய ஜாவாவில் ஓடும் நிரல்கள் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பிழை தேடும்போது திரையைவிடப் பைட்டை நம்ப வேண்டும். ஆனாலும் திரையே நிறையச் சொல்லும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தரவு நலமாக இருக்கிறது, எழுத்துரு இல்லை. தலைமேல் கோடு சாய்ந்த ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால் அது 224, 174. யூடிஎஃப்-8 தமிழை யாரோ ஐரோப்பிய முறையில் படிக்கிறார்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்தத் தவறான படிப்பை மறுபடி யூடிஎஃப்-8ஆகச் சேமித்திருந்தால் கோப்பின் எடை காட்டிக்கொடுக்கும்: மூன்று பைட்டில் இருந்த ஒவ்வோர் எழுத்தும் ஆறு அல்லது அதற்கும் மேல் வீங்கியிருக்கும். முழுச் சொல்லும் கேள்விக்குறிகளாக இருந்தால் மீட்க எதுவும் இல்லை; எழுத்துகள் அழிந்துவிட்டன, மூலக் கோப்பைத்தான் தேடிப் போக வேண்டும்.

வேறு சில குழிகளும் உண்டு. விண்டோஸ் நோட்பேட் வெகுகாலம் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் 239, 187, 191 என்று கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்து வைத்தது. 2019இல்தான் அந்த வழக்கம் இயல்பு நிலையிலிருந்து நீங்கியது. முதல் வரிக்கு முன்னால் எதுவும் வரக் கூடாதே, அதனால் உரையாகப் படித்துக் கொடுத்த கோப்பை பார்சர் வாசலிலேயே நிறுத்தும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 2018இல் 8.0 வரும்வரை ஐரோப்பிய முறையையே இயல்பாக வைத்திருந்தது. அங்கே 100 எழுத்துக்கு இடம் என்றால் 100 பைட். தமிழில் 33 குறியெண் போக மிச்சம் ஒரு பைட். நீண்ட முகவரி அந்த இடத்தில் வெட்டுப்பட்டால் 224 மட்டும் தனியாகத் தொங்கும், எக்ஸ்எம்எல்லாக வெளியே வரும்போது கோப்பு முறியும். இன்னொன்று, வலை வழங்கியே முதல் வரிக்கு எதிராகப் பேசுவது. 2001ஆம் ஆண்டின் இணைய விதி ஒன்று, கோப்பை ‘உரை/எக்ஸ்எம்எல்’ என்ற வகையில் அனுப்பி, தலைப்பில் குறியேற்றம் சொல்லாவிட்டால், முதல் வரி என்ன சொன்னாலும் ஆஸ்கி என்றே கொள்ளச் சொன்னது. 2014இல் அதைத் திருத்தினார்கள்.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், முதல் வரியின் வேலை முடிந்தது, அவ்வளவுதான். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். ‘மேடவாக்கம்’ என்பதில் கொம்பு முன்னால், ‘ம’ பின்னால். யூனிகோடில் ஒலி வரிசை: ‘ம’ முதலில், கொம்பு பிறகு. எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். ‘கொ’வை ஒரே உயிர்க்குறியோடும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எக்ஸ்எம்எல் பார்சர் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். இயல்பாக்கம் செய்வது நிரல் எழுதுகிறவர் பொறுப்பு.

தென்சென்னையில் ஒரு சிறு வட்டத்துக்குள் பழைய தமிழும் புதிய நிரலும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெரும்பாக்கத்தில் 2022 முதல் தன் புதிய கட்டடத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், கிழக்குத் தாம்பரத்தில் 1937இல் குடிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. இடையிடையே மென்பொருள் அலுவலகங்கள். இந்த வட்டத்துக்குள்ளேயே அச்சகங்களிலும் வீடுகளிலும் சங்க அலுவலகங்களிலும் தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த மலர்களும் ஆய்வேடுகளும் பழைய தட்டுகளில் கிடக்கின்றன. அவற்றுக்கு முதல் வரி கிடையாது. திஸ்கியில் இருப்பவற்றை லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்ற கருவி நேரே யூனிகோடாக்கித் தரும். டாப், பாமினி, இன்னும் பெயர் தெரியாத நிறுவன எழுத்துருக்களில் இருப்பவற்றுக்கு அந்த எழுத்துருக் கோப்பே அகராதி. எனவே பழைய கணினியைக் கழித்துக்கட்டுமுன் ஆவணங்களை மட்டும் பெயர்த்து எடுக்காதீர்கள். எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். எந்த ஆவணம் எந்த எழுத்துருவில் தட்டச்சானது என்று ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி அவற்றின் பக்கத்திலேயே வையுங்கள்.